பல் நடும் ரோபாட்: துளைக்கருவி யார் கையில் இருக்க வேண்டும்?

உங்கள் ஆள்காட்டி விரலைக் காதுக்குக் கீழே வைத்து, கீழ்த்தாடையின் ஓரமாக மோவாய் வரை மெல்லத் தடவி வாருங்கள். கல் போலக் கெட்டியான எலும்பு என்றுதான் தோன்றும். ஆனால் அதன் உள்ளே, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே, ஒரு சிறு சுரங்கம் ஓடுகிறது. அதனுள் ஒரு நரம்பும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகில் இந்த நரம்பின் ஒரு கிளை சிறு துவாரம் வழியாக வெளியே வந்து, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. காப்பி சூடாக இருக்கிறது என்று உங்கள் கீழ் உதடு சொல்வது இந்த நரம்பின் தயவால்தான்.

இந்த நரம்பு அடிபட்டால் உதடு மரத்துப் போகும். பல் பிடுங்கும் முன் ஊசி போட்டதும் உதடு தடித்தாற்போல் இருக்குமே, அந்த உணர்வுதான். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். நரம்பு அடிபட்ட மரப்பு மாதக்கணக்கில் இருக்கும். சிலருக்கு ஆயுள் முழுவதும் போகாது.

இந்தச் சுரங்கத்துக்கு மேலே உள்ள எலும்பில்தான் பல் டாக்டர்கள் துளை போட்டு, விழுந்துபோன பல்லுக்குப் பதிலாக ஓர் உலோகத் திருகாணியை நடுகிறார்கள். துளையின் அடிக்கும் நரம்புக்கும் இடையில் குறைந்தது 2 மி.மீ. எலும்பாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. 2 மி.மீ. என்பது உங்கள் அடிக்கோலில் இரண்டு சிறு கோடுகள்! இந்த வேலையில் இப்போது ரோபாட்டுகளும் இறங்கிவிட்டன. அவற்றில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மாதிரிப் பாராட்டுவது சரியல்ல என்று நான் கருதுகிறேன். ஏன் என்று பார்ப்போம்.

முதல் வகை அமெரிக்காவில் மயாமி நகரில் உருவானது. யோமி என்று பெயர். நியோசிஸ் என்ற நிறுவனம் தயாரித்த இந்தக் கருவிக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் அனுமதி தந்தது. இதில் துளைக்கருவி ரோபாட்டின் கையில் பொருத்தப்பட்டிருக்கும்; ஆனால் அதைப் பிடித்து நகர்த்துபவர் டாக்டர்தான். டாக்டரின் கை திட்டமிட்ட பாதையிலிருந்து விலகப் பார்த்தால், ரோபாட் இறுக்கிப் பிடித்து விலக விடாமல் தடுக்கும். போதுமான ஆழம் போனதும் அதற்குமேல் இறங்க விடாது. அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார்களே, ஏறக்குறைய அப்படி. குழந்தையின் இடத்தில் டாக்டர் இருக்கிறார், அவ்வளவுதான்!

இரண்டாம் வகை சீனாவில் ஷியான் நகரில் வெளிச்சத்துக்கு வந்தது. 2017 செப்டம்பரில் அங்குள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவமனையில், ஒரு பெண்மணியின் வாயில் ஒரு ரோபாட் தானாகவே இரண்டு திருகாணிகளை நட்டது. வேலை முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர்கள் அருகில் நின்று கவனித்தார்கள். துளை போடுவதில் கை கொடுக்கவில்லை. நட்ட இடத்தில் பிழை 0.2 முதல் 0.3 மி.மீ. வரைதான் என்று அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. திறமையான பல் டாக்டர்கள் போதாத நாட்டில் இத்தகைய யந்திரங்கள் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று சொல்லப்பட்டது.

கொண்டாட வேண்டிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனாலும் நீங்கள் என்னைக் கேட்டால், எனக்கு மயாமிக்காரர்களின் வழியே பிடித்திருக்கிறது. இதை விளக்க, முதலில் இந்தத் திருகாணியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

1950-களில் சுவீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரேனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். டைட்டேனியம் உலோகத்தில் ஒரு சிறு பார்வைக் குழாய் செய்து எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்தது, குழாயைக் கழற்றப் போனார், வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாக எண்ணாமல் அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. டைட்டேனியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் மெல்லிய ஆக்ஸைடு போர்வையைப் போர்த்திக் கொள்கிறது. உடல் திரவங்கள் அந்தப் போர்வையை அரிப்பதில்லை. எலும்புச் செல்களுக்கும் அது ஒவ்வுகிறது. விலை உயர்ந்த குழாய் வீணாயிற்றே என்று அலுத்துக்கொண்டு பிரேனமார்க் விட்டுவிடவில்லை. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியம் திருகாணிகளை நட்டார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவர் வாயில் இருந்தன.

எலும்போடு ஒட்டிக்கொள்வது வரம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் வகுப்பில் யாராவது பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்களா? இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு மெல்லிய நார்த்திசு இருக்கிறது. அதனால்தான் கம்பியின் மெதுவான இழுப்புக்குப் பல் இசைந்து நகர்கிறது. திருகாணிக்கு அந்த மெத்தை கிடையாது. கோணலாக ஒட்டிவிட்டால் கோணல் கோணல்தான். கம்பி போட்டாலும் நகராது. எடுப்பதும் எளிதல்ல. ஆகவே துளை போடும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பது பல ஆண்டுகளுக்குத் தங்கிவிடுகிறது.

இனி உங்கள் ஜாமெட்ரிப் பெட்டியை எடுங்கள். 12 மி.மீ. நீளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். அதே புள்ளியிலிருந்து, பாகைமானி வைத்து, 5 டிகிரி சாய்வாக இன்னொரு கோடு வரையுங்கள். மேலே இரண்டும் ஒட்டியிருக்கின்றன. கீழே எவ்வளவு விலகியிருக்கின்றன? டேன்ஜென்ட் 5 டிகிரி என்பது 0.0875. அதை 12-ஆல் பெருக்கினால் 1.05 மி.மீ. திருகாணிக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியே 1.5 மி.மீ.தான். அதில் மூன்றில் இரண்டு பங்கை அந்தச் சின்னச் சாய்வு விழுங்கிவிட்டது! 5 டிகிரி சாய்வைக் கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? வாய் திறந்தால் கிடைப்பது ஏறக்குறைய 40 மி.மீ. இடம். அதற்குள் எச்சில், இரத்தம், நாக்கு, விளக்கு வெளிச்சத்தின் நிழல் எல்லாம் இருக்க, டாக்டர் சொல்லியாக வேண்டும்.

ஆகவே கையை மட்டும் நம்பு என்று நான் சொல்ல வரவில்லை. கையை விட நல்ல வழிகள் ஏற்கனவே இருக்கின்றன. நோயாளியின் பற்களின் அச்சுக்கு ஏற்ப ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து, அதில் குழாய் போன்ற ஒரு துவாரம் வைத்து, அதன் வழியே துளையிடுகிறார்கள். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ அப்படி இது. இந்தத் தகடுகளைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, துளையின் வாயில் சராசரியாக 1.2 மி.மீ. பிழையும், சாய்வில் சராசரியாக 3.5 டிகிரி பிழையும் இருப்பது தெரிந்தது. ரோபாட்டின் துணையோடு நட்டவற்றைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வந்த ஆய்வுகளில், இட விலகல் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள்ளும், சாய்வு 2 டிகிரியை ஒட்டியும் இருக்கின்றன. யந்திரம் வென்றது என்றே வைத்துக் கொள்வோம்.

ஆனால் அந்த யந்திரத்துக்கு வழி சொன்னது யார்?

ரோபாட்டுக்குப் பல் தெரியாது, நரம்பும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. முதலில் தலையைச் சுற்றி ஒரு எக்ஸ்ரே கருவி சுழன்று வந்து தாடையின் முப்பரிமாணப் படத்தை எடுக்கிறது. அந்தப் படத்தில் டாக்டர் கம்ப்யூட்டரில் திருகாணியின் இடம், சாய்வு, ஆழம் மூன்றையும் குறிக்கிறார். இது தேசப்படத்தில் ஊரைக் குறிப்பது போல. அடுத்த வேலைதான் சூட்சுமமானது. படத்தில் உள்ள தாடையையும் நாற்காலியில் உள்ள தாடையையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும். இதற்காக நோயாளியின் பற்களில் ஒரு சிறு சட்டத்தை மாட்டுகிறார்கள். அதில் எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும் அடையாளங்கள் இருக்கும். இந்தச் சட்டத்தைக் கேமராவோ, நுண்ணிய கணுக்கள் கொண்ட ஓர் உலோகக் கையோ தொடர்ந்து கவனித்தபடி இருக்கும். தலை அசைந்தால் சட்டமும் அசையும்; உடனே ரோபாட் தன் கணக்கைத் திருத்திக் கொள்ளும். அழகான ஏற்பாடு!

சட்டம் பல்லில் ஒரு மி.மீ. நழுவிவிட்டால்? தாடை அசைந்தது என்று ரோபாட் நினைத்துக் கொள்ளும். துளையும் ஒரு மி.மீ. நழுவும். முனை உடைந்த அடிக்கோலால் அளந்து பார்த்திருக்கிறீர்களா? பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் ஒரே விடை வரும். பத்தும் தவறாக இருக்கும். அளவு மாறாமல் வருவது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கற்றுக் கொடுக்கிறார்கள்; பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி என்று நாம் மறந்து விடுகிறோம்.

டாக்டரின் கை இங்கேதான் தேவைப்படுகிறது. கை துல்லியத்தில் யந்திரத்துக்குத் தோற்கும். ஆனால் துளையிடும்போது எலும்பு எதிர்ப்பதை அது உணர்கிறது. தாடை எலும்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. கீழ்த்தாடையின் முன்புறம் தேக்கு மரம் போல. மேல்தாடையின் பின்புறம் முருங்கைக் கட்டை போல. கெட்டியான எலும்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் கருவி பொசுக்கென்று இறங்கினால், அனுபவமுள்ள டாக்டர் உடனே நிறுத்திவிட்டு யோசிப்பார். படம் சரிதானா, சட்டம் நழுவிற்றா, எலும்பில் ஏதாவது குழி இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கணத்தில் கருவி அவர் கையிலேயே இருப்பது நல்லது. ரோபாட்டுகளிலும் விசையை அளக்கும் உணர்கருவிகளை வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் விசை குறைந்தது என்று அறிவது ஒன்று; அது ஏன் குறைந்தது என்று யோசிப்பது வேறொன்று.

வெப்பத்தின் கதையும் உண்டு. துளையிடும்போது உராய்வால் சூடு எழுகிறது. எலும்பில் 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே பாதிப்பு தொடங்குகிறது என்று 1983-ல் சுவீடனில் முயல்களை வைத்துக் கண்டறிந்தார்கள். வெந்த எலும்பு டைட்டேனியத்தோடு ஒட்டாது. அதனால்தான் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, சிறு துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குகிறார்கள். இடம் அணுவளவும் பிசகாமல், எலும்பு மட்டும் சூட்டில் செத்துப்போன ஒரு துளையைக் கற்பனை செய்து பாருங்கள். அளவுக்கு நூற்றுக்கு நூறு மார்க். திருகாணியோ சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

எலும்பைத் தானே குடையும் ரோபாட் ஷியானில் திடீரென்று பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஒரு எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து 'ரோபோடாக்' என்ற யந்திரத்தை உருவாக்கினார்கள். முதலில் நாய்களுக்கும், 1992-ல் கலிபோர்னியாவில் ஒரு மனிதருக்கும், இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தினார்கள். தொடை எலும்பினுள் செயற்கை மூட்டின் தண்டு உட்காரும் குழியை அது தானே செதுக்கியது. கையால் செதுக்கியதைவிட அழகாகப் பொருந்தியது. 1994 முதல் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்த யந்திரம் பயன்பட்டது.

பிறகு என்ன ஆயிற்று? சிகிச்சை பெற்றவர்களில் பலர் நொண்டி நடந்தார்கள். யந்திரம் வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காகச் சதைகளை விலக்கியதில் அவை சேதமடைந்தன என்று புகார்கள் எழுந்தன. எலும்பு கச்சிதமாக இருந்தது. அதை அசைக்கும் தசை கெட்டது. பலர் வழக்குப் போட்டார்கள். 2004 வாக்கில் ஜெர்மனியில் அந்த யந்திரத்தின் காலம் முடிந்தது.

ஒரு வழக்கு கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-ல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட பெண்மணிக்கு ஏற்பட்டதும் ஒரு நரம்புச் சேதம்தான். அவர் தோற்றுவிட்டார், நரம்பு சேதமாகலாம் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள் என்பது காரணம். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் ஒன்றைத் தெளிவாக எழுதினார்கள். புதிய முறையைப் பயன்படுத்தும் டாக்டர், இதில் இதுவரை யாருக்கும் தெரியாத ஆபத்துகளும் இருக்கக்கூடும் என்று நோயாளியிடம் சொல்லியே தீர வேண்டும். ரோபாட் அறுவைச் சிகிச்சை பற்றி எழுதப்பட்ட எத்தனையோ விளம்பரங்களைவிட இந்த ஒரு வரி மேலானது என்பேன்.

'டாக்டர் பற்றாக்குறை இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பல் டாக்டரின் நேரம் எதில் செலவாகிறது என்று பாருங்கள். நோயாளியைப் பரிசோதிப்பது, ஈறு நோய் இருந்தால் ஆற்றுவது, சர்க்கரை வியாதியோ புகைப்பழக்கமோ உண்டா என்று விசாரிப்பது, படம் பார்த்துத் திட்டமிடுவது, எலும்பு ஒட்டும்வரை சில மாதங்கள் கண்காணிப்பது, பிறகு அளவெடுத்துப் பல்லைப் பொருத்துவது. துளையிடும் வேலை இவற்றுக்கு நடுவே சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களை யந்திரத்திடம் கொடுத்துவிட்டால் டாக்டர் மிச்சமாவதில்லை. சட்டத்தை மாட்டவும் கணக்கைச் சரிபார்க்கவும் கூடுதலாக ஆள்தான் தேவைப்படுகிறார். தவிர, இவ்வளவு விலையுள்ள யந்திரம் பெருநகர மருத்துவமனைக்குத்தான் முதலில் போகும். டாக்டர் இல்லாத கிராமம் அதைக் கடைசியில்தான் பார்க்கும்.

சீனாவிலேயே பிற்பாடு நடந்ததைக் கவனியுங்கள். ஷியானுக்குப் பிறகு அங்கே பல வகைப் பல் ரோபாட்டுகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் டாக்டர் காலால் மிதிக்கும் பெடல் வைத்த வகைகள் உண்டு. கை செய்வது ரோபாட். இயக்கவும் நிறுத்தவும் செய்வது டாக்டரின் பாதம். தையல் மெஷின் போல! மனிதனை முழுக்க வெளியே அனுப்பிவிட்டு, பிறகு கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. நல்ல புத்தியாகப் படுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவன் ஆவேன். 'இருபது வருஷமாக என் கையால் போடுகிறேன், எனக்கு எதற்கு யந்திரம்?' என்று கேட்கும் டாக்டர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் நடும் திருகாணிகளும் பெரும்பாலும் நன்றாகவே நிலைக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்தாண்டுகள் தாண்டி நிற்கின்றன. ஆகவே அகலமான எலும்பும் நரம்பு எட்டவும் உள்ள எளிய இடத்துக்கு ரோபாட் வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் எலும்பு மெலிந்து, நரம்பு நெருங்கி, இரண்டு பற்களுக்கு நடுவே சிறு சந்து மட்டும் உள்ள இடத்தில், தன் கையின் பெருமைக்காக நோயாளியின் உதட்டைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அங்கே கையை இறுக்கிப் பிடித்து 'இதற்கு மேல் போகாதே' என்று தடுக்கும் யந்திரம் தெய்வம் மாதிரி.

மயாமி யந்திரத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், நடுவழியில் டாக்டர் மனம் மாறலாம் என்பது. ஈறை விலக்கிப் பார்க்கும்போது எலும்பு நினைத்தபடி இல்லையென்றால், திட்டத்தை அங்கேயே மாற்றி எழுதலாம். ரோபாட் புதிய எல்லையை ஏற்றுக்கொள்ளும். முன்பே செய்துவைத்த பிளாஸ்டிக் தகட்டில் இது நடக்காது. ஆனால் திட்டத்தை மாற்ற, வேறு திட்டம் போடத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மின்சாரம் போனாலோ, கேமரா மறைந்தாலோ, மிச்ச வேலையைக் கையால் முடிக்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். ஆகவே பல் மருத்துவக் கல்லூரிகளில் ரோபாட்டைக் காட்டுவதற்கு முன் வெறும் கையால் துளையிடக் கற்றுக் கொடுத்தே ஆக வேண்டும்.

உங்களில் சிலர் நாளை டாக்டராகலாம். சிலர் இந்த ரோபாட்டுகளைச் செய்யும் இன்ஜினீயராகலாம். எல்லோருமே என்றாவது ஒரு நாள் அந்த நாற்காலியில் வாய் திறந்து உட்காரப் போகிறவர்கள்தான். ரோபாட் நடும் என்று யாராவது சொன்னால், 'துளைக்கருவியைப் பிடித்திருப்பது யார்? சட்டம் நழுவினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? யந்திரம் பாதியில் நின்றால் மீதியை யார் முடிப்பார்?' என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.